நாயகியைச் செயல்பட விடுங்கள்: இளையோருக்கு அமானுஷ்யக் காதல் கதை எழுதுவோருக்கான வழிகாட்டி

பதினைந்து, பதினாறு வயது வாசகர்களை எண்ணி எழுதப்படும் அமானுஷ்யக் காதல் கதைகள் தமிழில் இன்று ஏராளமாக வருகின்றன. பிரதிலிபி, வாட்பேட் போன்ற செயலிகளில் அவை அத்தியாயம் அத்தியாயமாக வெளியாகின்றன. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பள்ளி முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அவற்றைக் கைப்பேசியில் படிக்கிறார்கள். பயமும் காதலும் ஒரே நேரத்தில் நெஞ்சைப் பிடிக்கும் அந்த வயதுக்கு இதைவிடப் பொருத்தமான கதைவகை இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான், "இந்தப் பொண்ணுக்கு வாயே இல்லையா?" என்று சொல்லி வாசகி பாதியிலேயே மூடி வைக்கும்படி ஒரு கதை அமைந்துவிடும்போது வருத்தமாக இருக்கிறது. அந்த எரிச்சல் எங்கிருந்து வருகிறது, எழுதும்போதே அதை எப்படித் தவிர்ப்பது என்பதை ஒரு மாதிரிக் கதையின் துணையோடு இங்கே விளக்க முயல்கிறேன்.

பெரும்பாலான குறைகளுக்கு வேர் ஒன்றுதான். எழுதுபவர் தம் அமானுஷ்ய நாயகன் மேல் கொண்ட பிரியத்தால், அவனை உயர்த்திக் காட்டுவதற்காக நாயகியின் அறிவையும் நாவையும் கால்களையும் ஒவ்வொன்றாகப் பறித்துவிடுகிறார். அவன் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக அவள் தடுக்கி விழுகிறாள். அவன் மர்மமாக இருக்க வேண்டும் என்பதற்காக அவள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுகிறாள். அவன் வராத அத்தியாயங்களில் சன்னலோரம் உட்கார்ந்து அழுகிறாள். எரிச்சலூட்டும் பாத்திரமும் தொய்ந்த கதைப்போக்கும் இரு வேறு குறைகளாகத் தோன்றினாலும், செயல்படாத நாயகியை வைத்துக்கொண்டு நிகழ்ச்சிகளை எல்லாம் எழுத்தாளரே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருப்பதால்தான் கதை தொய்கிறது. ஆகவே நாயகியைச் சரிசெய்தால் கதைப்போக்கில் பாதி தானே சரியாகிவிடும். மீதிப் பாதிக்கு அமானுஷ்யத்தின் விதிகளைச் சரிசெய்ய வேண்டும்.

இனி மாதிரிக் கதைக்கு வருவோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து எழுதுபவர் இரத்தக் காட்டேரியையும் ஓநாய் மனிதனையும் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. இங்கே வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரையை மீட்கும் போரிலோ, புலியை எதிர்த்தோ உயிர்விட்டவர்களுக்காக நட்டவை அவை. பலவற்றில், தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்தில் வீரனின் பெயரும் செய்தியும் வெட்டப்பட்டிருக்கின்றன. வேடியப்பன் என்ற பெயரில் அவற்றுக்கு இன்றும் படையலிடும் ஊர்கள் பல உண்டு. நம் கதையில், பென்னாகரம் பக்கம் ஒரு சிற்றூரில், பல்லவர் காலத்து நடுகல் ஒன்று சந்தியா என்ற பெண்ணின் குடும்ப நிலத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு 18 வயது; பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருக்கிறாள். கல்லுக்குரிய வீரனின் பெயர் விண்ணன். அவள்தான் நாயகி, அவன்தான் நாயகன்.

அவன் வருவதற்கு முன்பே அவளுக்கு ஒரு தேவை இருக்க வேண்டும்

முதல் அத்தியாயத்தை எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாயகனைக் கதையிலிருந்து முழுமையாக நீக்கிவிட்டு, அந்த ஆண்டில் நாயகி என்ன செய்துகொண்டிருப்பாள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத எதுவும் இல்லையென்றால், அவள் இன்னும் பாத்திரமாகவில்லை. நாயகனைப் பார்ப்பதற்காக வைக்கப்பட்ட இரண்டு கண்களாக மட்டுமே இருக்கிறாள். "நான் ரொம்பச் சாதாரணமான பொண்ணு, என்கிட்ட அப்படி என்ன பார்த்தான்னே தெரியல" என்று ஒரு நாயகி சொல்லும்போது வாசகிக்கும் அதே ஐயம் எழுகிறது. கடைசி வரை அதற்கு விடை கிடைப்பதில்லை.

சந்தியாவுக்கு அந்த ஒரு பக்கத்தை எழுதுவது எளிது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்கள். ஆயாவோடு ஊரில் இருந்துகொண்டு அவள்தான் மாட்டையும் தம்பியையும் பார்த்துக்கொள்கிறாள். செவிலியர் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறாள். கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியைக் கடனில் தவிக்கும் தாய்மாமன் வாங்கிக்கொண்டு இன்னும் திருப்பித் தரவில்லை. இந்தக் கதைவகையில் பெற்றோர் காரணமே இல்லாமல் காணாமல் போய்விடுவார்கள் என்பது பழைய குறை. நம் மாவட்டங்களில் அதற்கு ஊரறிந்த காரணம் கையருகே இருக்கிறது: ஊரில் வேலை இல்லாமல் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போன பெற்றோர், இரவு ஒன்பது மணிக்குப் பேசும் கைப்பேசிக் குரலாகவே பிள்ளைகளின் வாழ்வில் இருக்கிறார்கள். அந்த ஒன்பது மணி அழைப்பு கதையிலும் தவறாமல் வர வேண்டும். மகள் எதை மறைக்கிறாள், எதைச் சொல்லிவிடத் தவிக்கிறாள் என்பது அங்கேதான் தெரியும்.

இப்போது முதற்சந்திப்பை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக எழுதப்படும் முறை இது:

அவனுடைய ஆழமான கருவிழிகளைக் கண்டதும் சந்தியாவுக்கு உலகமே நின்றுபோனது. அவளை அறியாமலேயே அவளுடைய கால்கள் அவனை நோக்கி நடந்தன. இவனிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவள் மனம் சொன்னது. அவன் ஒரு சொல்லும் பேசாமல் இருளில் மறைந்தான்.

நான்கு வாக்கியங்களில் ஒன்றில்கூட அவள் எதையும் செய்யவில்லை. உலகம் நிற்கிறது, கால்கள் நடக்கின்றன, மனம் சொல்கிறது, அவன் மறைகிறான். இதையே அவளுடைய கையில் ஒரு வேலையையும் வாயில் ஒரு கேள்வியையும் கொடுத்து எழுதிப் பார்க்கலாம்:

கல்லின் மேல் ஊற்றிய தண்ணீர் மண்ணில் இறங்கவில்லை. நிமிர்ந்தபோது வரப்பின் மேல் ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஓடிவிடத் தோன்றியும் சந்தியா ஓடவில்லை. சொம்பு ஆயாவுடையது, அதைக் கல்லருகே விட்டுவிட்டுப் போக முடியாது.
"சாமி, இந்தக் கல்லுல என்னா எழுதியிருக்குது?"
"என் பேரு இருக்குதுன்னு சொல்லிக்கிறாங்க."
"நீங்க படிச்சதில்லையா?"
"எனக்குப் படிக்கத் தெரியாது. வெட்டினப்ப நான் உயிரோட இல்ல."

அவன் அழகன் என்று எங்கும் சொல்லவில்லை. இருந்தாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறது. தன்னைப் பற்றி வெட்டப்பட்டதைத் தானே படிக்க முடியாத ஒருவனுக்கு, படிக்கத் தெரிந்த ஒருத்தி தேவைப்படுகிறாள். அவளிடம் அவன் என்ன கண்டான் என்ற கேள்விக்கு முதற்பக்கத்திலேயே விடை கிடைத்துவிடுகிறது. அவனுக்குக் கல்லை நட்டவர்கள் யார், அவன் மீட்கப் போன மாடுகள் ஊர் திரும்பினவா, கடைசிப் பொழுதில் அவனைத் தனியே விட்டுச் சென்றதாக அவன் நினைக்கும் தம்பி பிறகு என்ன ஆனான் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. நாயகனுக்கும் நாயகியைத் தவிர ஒரு தேவை இருக்க வேண்டும் என்பதை இப்படித்தான் நிறைவேற்ற வேண்டும்.

விளிக்கும் முறையிலும் கவனம் தேவை. சந்தியா அவனை முதலில் "சாமி" என்கிறாள், பிறகு "நீங்க" என்கிறாள். "நீ" என்று அவள் சொல்லும் இடம் கதையில் ஒரு நிகழ்ச்சியாகவே அமைய வேண்டும். முதற்சந்திப்பிலேயே நாயகன் "ஏய், இங்க வாடி" என்று தொடங்கிவிடும் கதைகளில், நெருக்கம் வளர்வதைக் காட்டத் தமிழ் தந்திருக்கும் மிக நுட்பமான கருவியை எழுத்தாளர் முதல் நாளே செலவழித்துவிடுகிறார்.

காதலனா, காவல்காரனா

இக்கதைகளின் நாயகன் நாயகி தூங்கும்போது அறைக்குள் வந்து நின்று பார்க்கிறான். அவளுக்குத் தெரியாமல் பின்தொடர்கிறான். யாரோடு பேசலாம், எங்கே போகலாம் என்று முடிவு செய்கிறான். பிறகு, "உன் நல்லதுக்குத்தான்" என்கிறான். இதைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே எழுத விரும்புகிறேன். குழந்தைத் திருமணத்தைத் தடை செய்யும் சட்டம் 2006இல் வந்த பின்னரும், பள்ளிப் படிப்பு முடியும் முன்பே பெண்ணுக்கு மாப்பிள்ளை பேசிவிடும் வீடுகள் நம் இரு மாவட்டங்களிலும் இன்னும் இருக்கின்றன. "உன் நல்லதுக்குத்தான்" என்ற சொல்லை நம் வாசகி தன் வீட்டிலேயே கேட்டிருக்கிறாள். கதைக்குள் தப்பி வந்தவளுக்கு அங்கேயும் அதே சொல்லைக் காதல் என்று பெயரிட்டுக் கொடுப்பது அவளுக்குச் செய்யும் அநியாயம். அடக்கி ஆள்பவனை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவனை எழுதினால், அவன் செய்வது தவறு என்று கதைக்குள் யாராவது ஒருவர் அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும், சொன்னதற்கு ஒரு விளைவும் இருக்க வேண்டும்.

வயது இன்னொரு சிக்கல். பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தவன் பள்ளி மாணவியைக் காதலிக்கிறான் என்றால், அத்தனை அனுபவம் உள்ளவனுக்கும் அவளுக்கும் இடையே சமமான உறவு எப்படி அமையும் என்று கூர்ந்து படிக்கும் எவரும் கேட்பார்கள். முகம் இளமையாக இருக்கிறது என்பது அதற்கு விடையாகாது. விதியை மாற்றினால் விடை கிடைக்கும். விண்ணன் ஆண்டுக்கு ஒரு நாள், ஆடிப் பதினெட்டில் படையல் இடப்படும்போது மட்டுமே விழிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,400 ஆண்டுகளில் அவன் விழித்திருந்தவை 1,400 நாள்கள். அது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. பதினைந்து வயதில் போரில் விழுந்தவன் என்றால், அவன் வாழ்ந்து கழித்த வயது இன்னும் பத்தொன்பதைத் தாண்டவில்லை. படையலுக்கு வந்தவர்களின் பேச்சை ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டு இன்றைய தமிழையும் கற்றுக்கொண்டுவிட்டான். ஒரே விதி வயதுச் சிக்கலையும் மொழிச் சிக்கலையும் தீர்த்துவிடுகிறது.

அவனுடைய குணத்தை எப்படிக் காட்டுவது? திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. வீரனோடு சேர்த்து அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள்; நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்திருந்தது என்றும் கல்வெட்டு சொல்கிறது. அந்த நாயின் நிறமோ உயரமோ நமக்குத் தெரியாது. அது செய்த ஒரு செயல் தெரியும், அதனாலேயே இத்தனை நூற்றாண்டுக்குப் பிறகும் அது மனத்தில் நிற்கிறது. நாயகனின் தோள்களையும் தாடையையும் வருணிக்கும் பத்திகளை நீக்கிவிட்டு, இக்கட்டான ஒரு பொழுதில் அவன் செய்த ஒரு செயலை அந்த இடத்தில் வையுங்கள்.

வாயைத் திறந்தால் முடிந்துவிடும் கதை

இரண்டு பேர் ஐந்து நிமிடம் மனம்விட்டுப் பேசினால் தீர்ந்துவிடும் சிக்கலின் மேல் இருபது அத்தியாயங்களைக் கட்டுவதுதான் இந்த வகையின் மிகப் பெரிய கதைப்போக்குக் குறை. அவன் வேறு ஒருத்தியோடு நிற்பதை அவள் பார்க்கிறாள், கேட்காமல் அழுதுகொண்டே ஓடுகிறாள். அவனும் துரத்திச் சென்று சொல்லாமல் நிலவைப் பார்த்து நிற்கிறான். வாசகிக்கு உண்மை முன்பே தெரியும் என்பதால், அந்த இருபது அத்தியாயங்களும் அவளுக்குக் காத்திருப்பாக மட்டுமே இருக்கும்.

உண்மையை மறைத்து வைப்பதையே கதையாக்குவது தவறில்லை. மறைப்பவருக்கு ஒரு காரணம் வேண்டும், வெளிப்படுத்துபவருக்கு ஒரு துணிவு வேண்டும். தகடூர் அதியமானின் அவைக்களத்தோடு சேர்த்து நாம் நினைவுகூரும் ஔவையாரின் பாடல் ஒன்று குறுந்தொகையில் இருபத்து மூன்றாவதாக உள்ளது; இந்தக் கலையை அதைவிடச் சுருக்கமாகக் கற்றுக்கொள்ள வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. காதலால் மெலிந்த மகளுக்கு என்ன நேர்ந்தது என்று அறியக் குறி சொல்லும் கட்டுவிச்சியை வீட்டார் அழைத்திருக்கிறார்கள். அவள் மலைகளைப் பாடிக்கொண்டே வருகிறாள். ஒரு குறிப்பிட்ட மலையைப் பாடியதும் தோழி குறுக்கிட்டு, அவருடைய அந்த நல்ல நெடுங்குன்றத்தைப் பாடிய பாட்டை இன்னும் ஒருமுறை பாடு என்று கேட்கிறாள். "அவர்" என்ற சொல் கூடத்தில் விழுந்தவுடன், காரணம் தெய்வமும் இல்லை, பேயும் இல்லை, ஓர் ஆண்மகன் என்பது தாய்க்குப் புரிந்துவிடுகிறது. தாய்க்கு மகளின் உடல்நிலை பற்றிய கவலை; கட்டுவிச்சிக்கு அவளுடைய தொழில்; தலைவிக்கு வாய் திறக்க முடியாத நிலை; தோழிக்கு அவளைக் காப்பாற்றியாக வேண்டிய கடமை. நால்வருக்கும் தனித்தனித் தேவை இருப்பதால், ஐந்தே அடிகளில் ஒரு முழு நாடகம் நடந்துவிடுகிறது.

அந்தத் தோழியைப் போன்ற ஒருத்தி இன்றைய கதைகளில் அரிதாகிவிட்டாள். நாயகியின் தோழி அவளுடைய உடையைப் பாராட்டுவாள், நாயகனைப் பற்றிக் கிசுகிசுப்பாள், பிறகு கதையின் நடுவில் காணாமல் போவாள். மற்றப் பெண்கள் எல்லாரும் பொறாமைக்காரிகளாக இருப்பார்கள். சந்தியாவின் தோழி நந்தினிக்கு 17 வயது. அவளுக்கு வீட்டில் திருமணம் பேசுகிறார்கள் என்று கதையில் ஒரு கிளையை வளருங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைக்க வேண்டும், அழைத்தது யார் என்று ஊருக்குத் தெரிந்தால் சந்தியாவின் வீட்டுக்கு நெருக்கடி வரும். விண்ணனுக்கு எந்தச் சக்தி இருந்தாலும் இந்த அழைப்பை அவன் செய்ய முடியாது; சந்தியாதான் செய்ய வேண்டும். நாயகி தன் காதலுக்கு வெளியே ஒரு துணிவான செயலைச் செய்வதைக் கண்ட வாசகி, பிறகு காதலில் அவள் தடுமாறினாலும் பொறுத்துக்கொள்வாள்.

இரண்டாவது இளைஞனைக் கொண்டுவந்து முக்கோணம் அமைப்பதாக இருந்தால், அவன் கதையை நீட்டுவதற்காக மட்டும் வரக் கூடாது. மாதேஷ் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவரின் மகன். கர்நாடக அணைகள் திறக்கப்பட்டுப் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை விதித்துவிடும். அன்றெல்லாம் அவர்கள் வீட்டில் வருமானம் இல்லை. ஆற்றின் மனநிலையைப் பார்த்து நாளைத் திட்டமிடக் கற்ற அவன், சந்தியாவிடம் உயிருள்ள, வியர்க்கும், கடன் உள்ள ஒரு வாழ்க்கையை முன்வைக்கிறான். அவள் இருவரில் யாரைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பது, எப்படி வாழப்போகிறாள் என்ற கேள்வியாக மாறினால்தான் முக்கோணத்துக்குப் பொருள் உண்டு. அப்படி மாற்ற முடியவில்லை என்றால் அவனை நண்பனாகவே விட்டுவிடுங்கள்.

விலை இல்லாத சக்தி கதையைக் கெடுக்கும்

கடைசி அத்தியாயத்தில் நாயகிக்குத் திடீரென்று ஒரு சக்தி விழித்துக்கொண்டு எல்லாரையும் காப்பாற்றிவிடும் முடிவுகளை நாம் நிறையப் பார்த்துவிட்டோம். அமானுஷ்யத்துக்கு எல்லை எது, ஒவ்வொரு முறையும் அதற்கு என்ன விலை என்பதைக் கதையின் முதற்காற்பகுதிக்குள் வாசகிக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவித்த பிறகு அதை மீறக் கூடாது. விதிகளை எங்கே தேடுவது என்று திகைக்க வேண்டியதில்லை. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லைத் தேர்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது என்ற இந்த வரிசையிலிருந்தே கதைக்குரிய விதிகளைச் செய்துகொள்ளலாம்.

மாதிரிக் கதையில் விதி இது: ஆடிப் பதினெட்டுப் படையலன்று விண்ணன் எந்த இழப்பும் இன்றி வரலாம். வேறு நாளில் அவனை எழுப்ப வேண்டுமானால் கல்லை நீராட்டினால் போதும். ஆனால் அப்படி எழுப்பும் ஒவ்வொரு முறையும் கல்வெட்டில் ஒரு வரி அழிந்துபோகும். கல்லில் ஏழு வரிகள் உள்ளன. ஏழும் அழிந்தால் அவன் இல்லை. ஊர் எல்லையைக் காக்கும்போது இறந்தவன் ஆகையால் அந்த எல்லையை அவனால் தாண்டவும் முடியாது.

இந்த விதி கதைக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். சந்திப்புகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டுவிட்டது. ஆகையால் வெறும் கொஞ்சலுக்காக ஓர் அத்தியாயத்தைச் செலவிட எழுத்தாளருக்கே மனம் வராது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: அவனுடைய தம்பியைப் பற்றிய செய்தி அந்த ஏழு வரிகளில்தான் இருக்கிறது, அவற்றை அவள் படித்துச் சொல்ல வேண்டும், ஆனால் அவனைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டியது ஒரு வரி குறைகிறது. அவனோடு இருப்பதா, அவனுக்கு வேண்டியதைக் கண்டுபிடிப்பதா என்று அவள் ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். கதைக்கு நடுவில் தொய்வு வராமல் காப்பது இத்தகைய நெருக்கடிதான்.

விதியை அமைத்தவுடன் வாசகர்களில் மிகக் கூர்மையானவர் கேட்கப்போகும் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே அந்தக் கேள்வி, "கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதாதா?" என்பது. சந்தியாவும் முதல் நாளே படம் எடுக்கிறாள்; நடுப்பகல் வெளிச்சத்தில் எடுத்த அந்தப் படத்தில் தேய்ந்த எழுத்துகள் தெரியவில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போதுதான் அப்படிப்பட்ட எழுத்துகள் நிழல் காட்டும். இன்னும் தெளிவாக வேண்டும் என்றால் மைப்படி எடுக்க வேண்டும்: கல்லைக் கழுவி, ஈரத்தாளை அதன் மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, மேலே மை ஒற்றினால், மேடு கறுத்து எழுத்து வெள்ளையாக நிற்கும். பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியை இதை அவளுக்குச் சொல்லித்தரும்போது இரண்டு வரிகள் ஏற்கெனவே அழிந்திருக்கின்றன. மேலும், மைப்படி எடுக்கக் கல்லைக் கழுவியாக வேண்டும்; கழுவினால் அவன் விழித்துவிடுவான், இன்னொரு வரி போய்விடும். ஓட்டை என்று தோன்றிய இடம் கதையின் உச்சக் காட்சியாகிவிட்டது. வாசகர் கேட்கப்போகும் கேள்வியை அஞ்சி மூடி மறைக்கும் எழுத்தாளர் இத்தகைய காட்சிகளை இழந்துவிடுகிறார்.

எதிர்ப்பாத்திரம் கடைசிக் காற்பகுதியில் கறுப்பு உடையோடு வந்து குதிக்கக் கூடாது. சந்தியாவின் தாய்மாமன் முதல் அத்தியாயத்திலிருந்தே இருக்கிறார். கடனை அடைக்க நிலத்தை விற்க வேண்டும், வாங்குபவர் கல்லை அகற்றச் சொல்கிறார், கிரயப் பதிவு ஆடிப் பதினெட்டுக்கு முந்தைய நாள். அவர் கெட்டவர் இல்லை, நெருக்கப்பட்டவர். விற்ற பணத்தில் சந்தியாவின் கல்லூரிக் கட்டணத்தையும் திருப்பித் தருவதாகச் சொல்கிறார், அவர் சொல்வது உண்மையும்கூட. கல் போனால் படிப்பு கிடைக்கும் என்ற நிலையில் நாயகியை நிறுத்துங்கள். அவளுடைய இரண்டு விருப்பங்களும் ஒன்றோடொன்று மோத வேண்டும். அமானுஷ்யம் அந்த மோதலைத் தீர்த்துவைக்கக் கூடாது.

தொடராக எழுதும்போது

வாரந்தோறும் வெளியிடுபவர்களுக்கு ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு திடுக்கிடல் வைத்தாக வேண்டிய நெருக்கடி இருக்கிறது. கதவு தட்டப்படுகிறது, அடுத்த வாரம் திறந்தால் பக்கத்து வீட்டு அத்தை நிற்கிறார். இதை இரண்டு முறை செய்தால் மூன்றாவது முறை உண்மையிலேயே ஆபத்து வரும்போதும் வாசகி பதற மாட்டாள். நம் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாரதக் கூத்தில் துரியோதனன் படுகளத்தில் விழப்போகிறான் என்பது கூடியிருக்கும் சிறுபிள்ளைக்கும் தெரிந்த செய்தி. ஆனாலும் ஊரே விடியும் வரை உட்கார்ந்திருக்கிறது. என்ன நடக்கும் என்பதைவிட, அதை நோக்கி இவன் எப்படித் தானே நடந்து போகிறான் என்பதுதான் அவர்களைப் பிடித்து வைக்கிறது. அத்தியாயத்தை முடிக்கும்போது ஒரு மர்மத்தை வைப்பதைவிட ஒரு முடிவெடுக்கும் தருணத்தை வையுங்கள்: நாளை ஆசிரியையிடம் போவதா, இன்று இரவே கல்லை நீராட்டுவதா என்று நிற்கும் சந்தியாவோடு நிறுத்தினால், அடுத்த வாரம் வரை வாசகியும் அவளுக்காக யோசித்துக்கொண்டிருப்பாள்.

முழுக் கதையின் முடிவை முதல் அத்தியாயத்தை வெளியிடுவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பின்னூட்டங்களைப் பார்த்துப் பார்த்து நீட்டப்படும் கதையில், இறந்தவர்கள் திரும்பி வருவார்கள், விதிகள் தளரும், பிரிந்தவர்கள் காரணமின்றிச் சேர்ந்து மீண்டும் பிரிவார்கள். விண்ணன் கடைசியில் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தால், எத்தனை பேர் கெஞ்சினாலும் அவன் போகட்டும். மைப்படித் தாளில் மிஞ்சிய வரிகளிலிருந்து, அந்தக் கல்லை நட்டவன் அவனுடைய தம்பிதான் என்பதைச் சந்தியா படித்துச் சொல்லிவிட்ட பிறகு அவன் போவதற்கும், சொல்லாமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் நன்றாகவே அறிவார்கள்.

வெளியிடும் முன் சோதித்துப் பார்ப்பது

முதல் வரைவு முடிந்ததும் அந்த வயதுள்ள சில வாசகிகளிடம் கொடுத்து, கோபம் வந்த இடங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். காரணம் எழுதச் சொல்ல வேண்டாம். கோட்டுக்குப் பக்கத்தில் அப்போது வாயில் வந்த சொல்லை மட்டும் எழுதச் சொன்னால் போதும். இருவகைச் சொற்கள் வரும். "ஐயோ, அப்படிப் பண்ணாதடி!" என்று எழுதியிருந்தால், நாயகி ஏன் அதைச் செய்கிறாள் என்பது வாசகிக்குப் புரிந்திருக்கிறது, அவளுக்காகப் பயப்படுகிறாள், அந்த இடத்தைத் தொடவே கூடாது. "இவ ஏன் இப்படிப் பண்றா?" என்று எழுதியிருந்தால், அங்கே நாயகி தனக்காகச் செயல்படவில்லை, உங்கள் வசதிக்காகச் செயல்பட்டிருக்கிறாள்.

இரண்டாம் வகைக் கோடு விழுந்த காட்சியிலேயே விளக்கம் சேர்ப்பது பலருக்கும் உள்ள பழக்கம். அது பயன் தராது, ஏனென்றால் தவறு நடந்த பிறகு சொல்லப்படும் காரணம் சாக்குப்போக்காகவே ஒலிக்கும். இரண்டு மூன்று காட்சிகள் பின்னோக்கிச் சென்று, அவள் அந்த முடிவை எடுப்பதற்கான பயத்தையோ கடனையோ வாக்குறுதியையோ அங்கே விதையுங்கள். ஆசிரியையிடம் உதவி கேட்காமல் சந்தியா தனியாகக் கல்லருகே போகும் காட்சியில் கோடு விழுந்தால், அதற்கு முந்தைய ஒன்பது மணி அழைப்பில், "நம்ம வீட்டு விஷயத்தை யார்கிட்டயும் சொல்லாத, மாமா பேரு கெட்டுடும்" என்று அம்மா கேட்டுக்கொண்டதையும் அவள் "சரிம்மா" என்றதையும் எழுதிவிட்டு, கல்லருகே போகும் காட்சியில் ஒரு சொல்லையும் மாற்றாமல் அதே வாசகியிடம் மறுபடியும் கொடுங்கள்.